அராவிய பெயர்

சாப்பிட்டுவிட்டு விளக்கைக் கொண்டுவருகிறேன் என்று இங்கே பொருட்களைப் பரிசோதிக்கிற மிர்யாம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். யன்னல் துடைக்க ஆள் வருகிறது என்று சொல்வதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னாள். தவமலரும் அதே மாதிரித் தலையாட்டினாள். தன் கதிரையில் போய் உட்கார்ந்தாள், உட்கார்ந்த உடனே எழும்பினாள், திரும்பவும் உட்கார்ந்தாள். அந்த யூத அருங்காட்சியகத்தின் மேல்மாடியில் கடைசி அறை அவளுடைய காவல். கண்ணாடியில் கைவைப்பவர்களிடம் வைக்கவேண்டாம் என்று சொல்வது, கழிவறை எங்கே என்று கேட்பவர்களுக்குக் கைகாட்டுவது, மிச்ச நேரமெல்லாம் சும்மா இருப்பது, இதற்குத்தான் ஜேர்மன்காரன் சம்பளம் தருகிறான். சும்மா இருப்பதுதான் கஷ்டம் என்று அவனுக்கு யார் சொல்வது. அறையின் நடுவே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பெரிய பித்தளைத் தட்டு இருக்கிறது. ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கையைப் போட்டுச் சாப்பிடக்கூடிய அகலம். அது அவளுடையது. வேறு நாடுகளிலிருந்து வந்து இங்கே வேலை செய்பவர்கள் தாங்கள் சுமந்துவந்த பொருள் ஒன்றைக் கொடுக்கலாம் என்று போன மாதம் கேட்டபோது, நுழைவுச்சீட்டுக் கொடுக்கிற பொஸ்னியாக்காரி கோப்பி அரைக்கும் குழாயைக் கொண்டுவந்தாள், தவமலர் இதைக் கொண்டுவந்தாள். பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டை. யாழ்ப்பாணத்திலிருந்து சனம் வெளியேறிய மழை இரவில் தவமலர் தன் மகள் ஆரணியை இந்தத் தட்டின் கீழே பிடித்துக் காத்துச் சுமந்தார் என்று ஜேர்மன் பாஷையில், டொச்சில், எழுதியிருக்கிறது. ஆரணி என்ற பெயர் இந்த உலகத்தில் எழுதப்பட்டிருக்கும் ஒரே இடம் அந்த அட்டைதான். பிறப்புப் பத்திரம் எரிந்துவிட்டது. கல்லறை கிடையாது. தட்டின் பின்பக்கத்தில் ஒரு ஓரத்தை யாரோ அராவியிருப்பதை மிர்யாம் நேற்றுப் பார்த்துவிட்டாள், அங்கே ஒரு பெயர் இருந்திருக்கும், சரிந்த வெளிச்சம் அடித்தால் தெரியலாம் என்கிறாள். தெரியும். அங்கே இருந்தது யாருடைய பெயர் என்பது தவமலருக்கு நன்றாகத் தெரியும், அது தன் வீட்டு ஆட்களின் பெயர் இல்லை. சொந்தக்காரர் வேறு ஆள் என்று தெரிந்தால் இந்த அருங்காட்சியகம் பொருளை வைத்திருக்காது, ஆளைத் தேடித் திருப்பிக் கொடுத்துவிடும். அது இங்கே சட்டம். மாரிகாலத்தில் ஒரு மெழுகுதிரித் தண்டைப் பஞ்சில் சுற்றி ஆர்ஜென்டினாவுக்கு அனுப்பியதை அவளே பார்த்தாள். தட்டுப் போனால் அட்டையும் போகும்.

காலையில் புருசன் நகுலேசனுக்குச் சொன்னபோது அவன் புட்டைக் குழைத்துக்கொண்டே சிரித்தான். இந்த மனுசனுக்கு எதற்கும் ஒரு சிரிப்பு, பல்லைப் பிடுங்கினாலும் சிரிப்பான். “அவைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமோ? அம்மான்ர பேர் எண்டு சொல்லிப்போட்டு வாரும். உதுக்குப் போய் ஏன் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறீர்?” என்றான். சரிதானே. அந்தக் கட்டிடம் முழுக்கத் தேடினாலும் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஆள் தவமலர் ஒருத்திதான். எபிரேயம் வாசிப்பார்கள், அறபு வாசிப்பார்கள், செத்துப்போன பாஷைகளையும் கண்ணாடி போட்டு வாசிப்பார்கள், தமிழ் மட்டும் அவர்களுக்குக் கோழி கிளறின மண். இந்த நகுலேசன்தான் தமிழ்க் கடைச் சந்தியில் நின்று நாங்கள் இரண்டாவது யூதர் என்று பேசுகிறவன். அவர்களையும் துரத்தினார்கள் எங்களையும் துரத்தினார்கள், அவர்களையும் எரித்தார்கள் எங்களையும் எரித்தார்கள், நாளைக்கு எங்களுக்கும் ஒரு நாடு வரும், ஒரு மியூசியம் வரும். சுற்றி நிற்கிறவர்கள் ஓம் ஓம் என்பார்கள். தவமலருக்கு இங்கே வேலை கிடைத்தபோது அவன் அதையே ஒரு பட்டம் மாதிரி எல்லாருக்கும் சொன்னான். அவளும் பெருமைப்பட்டவள்தான். முதல் நாள் சீருடையைப் போட்டுக்கொண்டு இந்த அறைகளுக்குள் நடந்தபோது, பாவிகளே உங்களுக்கும் இதுதானா நடந்தது என்று ஒவ்வொரு பெட்டிக்கு முன்னும் நின்று அழுதாள். நல்லாக அழுதாள், மனம் இலேசாகிற அழுகை. தன் பக்கம் எது என்று அப்போது அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

எதிர்ச் சுவரில் ஒரு பெண்ணின் ஓவியம் தொங்குகிறது. தோல் வியாபாரி ஒருவரின் மனைவி, கறுப்பு உடுப்பு, கழுத்தில் வெள்ளை லேஸ், மடியில் கைகளைக் கோத்து வைத்திருக்கிறாள். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டு நவம்பர் மாதத்து இரவொன்றில் வீட்டுக்குள் பாய்ந்தவர்கள் இந்தப் படத்தைச் சுவரில் வைத்தபடியே கத்தியால் கிழித்தார்கள். நெற்றியில் தொடங்கி ஒரு கண்ணைப் பிளந்து வாயைக் கடந்து கழுத்துவரை. பிறகு தலையணைகளைக் கிழித்தார்களாம், தெரு முழுக்க இறகு. வியாபாரியைப் படியில் உருட்டி அடித்தார்கள், அவர் முறைப்பாடு செய்யப் போன இடத்திலும் அடித்தார்கள். படத்தை இப்போது தைத்து ஒட்டியிருக்கிறார்கள், ஆனாலும் வெட்டு இருந்த இடத்தில் வர்ணம் கொஞ்சம் வீங்கி நிற்கிறது, ஆறின காயத்தில் தோல் தடிப்பதுபோல. இவளைப் பார்க்கும்போதெல்லாம் தவமலருக்குத் தன்னைப் பெற்ற ஐயாவின் முகம் வந்துவிடும். ஐயாவுக்கு முகமே இல்லாமல் போனது. தெல்லிப்பழையில் கிணற்றடியில் குளித்துக்கொண்டு நின்றவர், பலாலி ஆமி முகாமிலிருந்து அடித்த ஷெல் வாழைக்குள் விழுந்தது, சத்தம் கேட்டு இவள் ஓடிப்போனபோது ஐயாவின் கையில் வாளிக் கயிறு இருந்தது, கழுத்துக்கு மேலே சவர்க்கார நுரையும் இரத்தமும்தான். நுரை அப்போதும் பொங்கிக்கொண்டிருந்தது. அம்மா அதை இரண்டு கையாலும் வழித்து வழித்து எறிந்தாள், உள்ளே முகம் இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ. கிணற்றடியிலேயே கொள்ளி வைத்துவிட்டு, பாயையும் பானையையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு யாழ்ப்பாண டவுனுக்கு ஓடினார்கள். பள்ளிக்கூட விறாந்தையில் கிடந்தார்கள், மாதக் கணக்கில். இதையெல்லாம் யார் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். சவர்க்கார நுரையை எப்படி வைப்பது. இதற்கு அவளிடம் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா, ஒரு நாயாவது கேட்டதா. இல்லை. அப்படியிருக்கும்போது ஒரு தட்டுக்காக இவள் ஏன் நடுங்க வேண்டும். நடுங்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டாள். கைகளைத் தொடைக்குக் கீழே செருகிக்கொண்டாள்.

அந்தத் தொண்ணூறாம் வருசக் கடைசியில் இயக்கப் பெடியள் வந்து, சோனகத்தெருவில் வீடுகள் காலியாக இருக்கின்றன, இடம்பெயர்ந்த ஆட்கள் போய் இருக்கலாம் என்றார்கள். காலியாக இருக்கின்றன. என்ன அழகான சொல். இரண்டு மணித்தியாலம் கொடுத்து முஸ்லிம் சனம் முழுவதையும் அதே பெடியள் துரத்தியிருந்தார்கள், உடுத்த உடுப்போடு. சந்தியில் மறித்து நகைகளைக் கழற்ற வைத்ததைத் தேத்தண்ணிக் கடை மனுசி பார்த்தாளாம். ஒரு சின்னப் பெட்டையின் தோடு இறுகிக் கழறவில்லை, பெடியன் இழுத்தான், காதும் கூடவே வந்தது, பெட்டை கத்தக்கூட இல்லை, தகப்பன் அவளின் வாயைப் பொத்திப் பிடித்திருந்தார். மனுசி இதைத் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னாள், இனிப்புப் போதுமோ என்று இடையில் கேட்டாள். தவமலருக்கு அப்போது பத்தொன்பது வயது. இனிப்புப் போதும் என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. தவமலர் வீட்டாருக்குக் கிடைத்தது பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு கல்வீடு. கதவைத் தள்ளியதும் முதலில் வந்தது மணம். பின்வளவில் ஆடு ஒன்று கட்டின கயிற்றோடு செத்துக் கிடந்தது. அந்தக் கயிறு எட்டுகிற வட்டம் முழுக்கப் புல்லும் மண்ணும் கிளறிக் கிடந்தது, மரத்தின் பட்டையை நின்ற உயரம்வரை கடித்திருந்தது. இதையெல்லாம் பார்த்துவிட்டு அம்மா சொன்னது, நல்ல கிணறு, உப்பில்லை. குசினியில் ஒவ்வொரு பாத்திரமும் கவிழ்த்து வைத்தபடி ஒழுங்காக இருந்தது. செம்பு, கேத்தல், மூக்குப்பேணி, தேங்காய்ப்பால் பிழிகிற சட்டி, எல்லாவற்றிலும் ஒரே பெயர் வெட்டியிருந்தது. அ. மு. செய்னம்பு. கலியாணத்துக்குச் சீராக வந்த பாத்திரங்களில் எங்கள் ஆட்களும் இப்படித்தான் பெயர் வெட்டுவார்கள், அயலட்டைக்கு இரவல் போனால் திரும்பி வருவதற்கு. எல்லாவற்றிலும் பெரியது இந்தத் தட்டு. சகன் என்று அதற்குப் பெயர், முஸ்லிம் வீடுகளில் எல்லாருமாகச் சுற்றியிருந்து சாப்பிடுகிற தட்டு என்று பிறகு யாரோ சொன்னார்கள். செய்னம்புவைத் தவமலர் ஒருநாளும் கண்டதில்லை. கண்டிருந்தால் பரவாயில்லை, ஒரு முகத்தோடு நின்றிருக்கும். காணாததால் தண்ணீர் குடிக்கும்போது செம்பில் வந்தாள், விளக்கை ஏற்றினால் கேத்தலில் மின்னினாள், அந்த வீட்டில் எதைத் தொட்டாலும் விரல் நுனியில் அவளுடைய பெயர் தட்டுப்பட்டது. இந்த ஊருக்கு வந்து இந்த அறையில் உட்கார்ந்த பிறகு அவளுக்கு ஒரு முகமும் கிடைத்துவிட்டது. நெற்றியிலிருந்து கழுத்துவரை வெட்டு, மடியில் கோத்த கைகள்.

கண்ணாடியில் ஒரு சீமான் மூக்கை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். தொடவேண்டாம் என்றாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தது செருப்புக்குள் போடுகிற அடித்தோலை. புனித நூலின் சுருளை வெட்டி அந்த அளவுக்கு அடித்தோல் செய்திருக்கிறார்கள். நல்ல தோல், பழசானாலும் கிழியாது, நூற்றுக்கணக்கான வருசம் கையால் தொடாமல் வெள்ளிக் குச்சியால் காட்டி வாசித்த தோல், அதை ஒருவன் பாதத்தை வைத்துப் பென்சிலால் கோடு போட்டு வெட்டியிருக்கிறான். எழுத்துகள் அப்படியே இருக்கின்றன, குதிக்கால் பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது. அவன் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருப்பான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்திருப்பான், குளிருக்கு இதமாக இருந்திருக்கும். கெட்டவன்தான். ஆனால் ஷெல்லடியில் வீடு போன கெட்டவனா, சும்மா கெட்டவனா, அதை அட்டையில் எழுதவில்லை. தவமலர் அந்த அடித்தோலை வெறுத்தாள். மிர்யாமையும் இந்த நிமிசம் வெறுத்தாள். மிர்யாமுக்குப் பெயர்ப் பைத்தியம். தான் யூதப் பெண் என்பதே அவளுக்கு வளர்ந்த பிறகுதான் தெரியும், தாய் சொல்லவில்லை, தாயின் செத்தவீட்டில் ஒரு தூரத்து மாமி சொல்லியிருக்கிறாள், உங்கள் குடும்பப் பெயர் இது இல்லை, மாற்றின பெயர் என்று. அன்றையிலிருந்து எங்கே ஒரு எழுத்துச் சுரண்டியிருந்தாலும் அவளுக்கு நித்திரை வராது. போன கிழமை, யூதர்கள் வெள்ளிக்கிழமை மாலைகளில் வைன் ஊற்றி ஆசி சொல்கிற வெள்ளிக் கிண்ணம் ஒன்றில், அயல்வீட்டுக்காரர் அராவியிருந்த பெயரை இந்த விளக்கை வைத்துத்தான் எழுப்பினாள், எழுப்பிவிட்டு இந்தக் கதிரையில் உட்கார்ந்து அழுதாள், தவமலர்தான் தண்ணீர் கொடுத்தாள். உனக்குப் பெயர் வேண்டுமென்றால் உன் கிண்ணத்தைச் சுரண்டு, என் தட்டை விடு. தீயணைக்கும் சிவப்பு உருளை கதவு மூலையில் நிற்கிறது. அதைத் தூக்கிக் கண்ணாடியில் போடலாம். ஒரே அடி. பிறகு தட்டை எடுத்து, விளக்கோடு வருகிற மிர்யாமின் நெற்றியில் ஓங்கி ஒன்று, பித்தளை நல்ல பாரம், மண்டை பிளக்கும், சுவரில் இருக்கிறவளின் மற்றக் கண்ணையும் கிழிக்கலாம், பார்த்துக்கொண்டே இருக்கிறாள் மூதேவி. இதை நினைக்கும்போது நெஞ்சு கொஞ்சம் இலேசாக இருந்தது, அதுதான் பயமாகவும் இருந்தது.

பெயரை அராவின அரம் அம்மாவின் கையில் இருந்தது. பாவம் என்று சொல்வதா சனியன் என்று சொல்வதா, அம்மாவைப் பற்றி நினைத்தால் இரண்டும் சேர்ந்துதான் வரும். அந்த வீட்டுச் சாமான்களை இயக்கம் எடுத்துக் கடையில் விற்கப்போகிறது, சோனகரின் பெயருள்ள எல்லாவற்றையும் வெளியே வையுங்கள் என்று அறிவித்தபோது, அம்மா செம்பையும் கேத்தலையும் வைத்தாள், இந்தத் தட்டை மட்டும் வைக்கவில்லை. கத்தி தீட்டுகிற அரத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடியில் குந்தினாள். அந்தச் சத்தம் பல்லுக்குள் போகிற சத்தம். தவமலர் தட்டை அமர்த்திப் பிடித்தாள், இல்லாவிட்டால் வழுக்கும். பித்தளைத் தூள் அம்மாவின் மடியில் மஞ்சளாகக் கொட்டியது. ஏனம்மா எங்களுக்கு இது என்று ஒருமுறை கேட்டாள். “செத்தவையின்ர சாமான் எண்டாத்தானடி தீட்டு. அவை உசிரோட போயிட்டினம்” என்றாள் அம்மா. இவ்வளவும் பண்ணிவிட்டு அதில் ஒருநாளும் சாப்பிடவும் விடவில்லை, சோனகர் வாய்வைத்தது என்று. மிளகாய் காயவைத்தாள். ஆரணி பிறந்த பிறகு எண்ணெய் பூசி வெயிலில் கிடத்துவதற்கு அது தோதாக இருந்தது, பிள்ளை கையைக் காலை அடித்தால் தட்டு மணி மாதிரிச் சத்தம் போடும், அந்தச் சத்தத்துக்கு அது தானே சிரிக்கும். செய்னம்பு, உன்னுடைய தட்டில் என் பிள்ளை சிரித்தது. உனக்கு இது கேட்குமா. புத்தளத்தில் உப்பளத்துக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டில்களில் அந்தச் சனம் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். காது கிழிந்த பெட்டை உன்னுடையதா, பக்கத்து வீட்டுக்காரரதா. எனக்குத் தெரியாது, நான் கேட்கவில்லை.

ஐந்து வருசம் கழித்து இவர்களுடைய முறை வந்தது. ஆமி முன்னேறி வருகிறது, எல்லாரும் உடனே வெளிக்கிடவேண்டும் என்று ஒலிபெருக்கி கத்தியது. ஊர் முழுக்க ஒரே ரோட்டில். நாவற்குழிப் பாலம் ஒன்றுதான் வழி. மழை கொட்டியது. சைக்கிள், மாடு, கதிரையில் வைத்துத் தூக்கின நோயாளி, சூட்கேஸ், மனுசர், எல்லாம் ஒரே சதைக்கட்டியாக இறுகி நகர்ந்தது. நகுலேசன் அம்மாவைச் சைக்கிளில் வைத்து முன்னால் தள்ளிக்கொண்டு போனான். தவமலர் பிள்ளையை மார்போடு அணைத்து, தட்டை மேலே கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பின்னால் ஷெல் விழும்போதெல்லாம் சனம் முன்னுக்குத் தள்ளும், முன்னால் பாலம் அடைபட்டுக் கிடந்தது, நடுவில் மூச்சுக்கு இடமில்லை. காலுக்குக் கீழே மெத்தென்று ஏதோ மிதிபட்டது, அது மூட்டையா மனுசரா என்று குனிந்து பார்க்கவும் முடியாது. தட்டில் மழை அடிக்கிற சத்தம் பெரிய சத்தம், அதற்குள் பிள்ளையின் சத்தம் கேட்கவில்லை. நித்திரை என்று நினைத்தாள். கைதடிக்கு அங்கால விடிந்தபோது தட்டைத் தூக்கிப் பார்த்தாள். பிள்ளை நனையவே இல்லை. ஒரு துளி ஈரம் இல்லை. நனையாமலே செத்திருந்தது. அதன் கன்னத்தில் வளைவாக ஒரு கோடு, தட்டின் விளிம்பு பட்ட கோடு. இந்த இடத்துக்கு வந்தால் தவமலரின் நினைப்பு நிற்கும், பின்னால் போகும், திரும்பவும் பாலத்தில் ஏறும், திரும்பவும் கன்னத்தில் வந்து நிற்கும். அமர்த்தினது சனமா. சனம்தான் அமர்த்தியது. அந்த நெரிசலில் யார் கை யாருடையது. இல்லாவிட்டால் மழை படக்கூடாதென்று இவள் பிடித்த பிடியா. அரம் போடும்போது வழுக்காமல் அமர்த்திப் பிடித்த அதே கை. மண்வெட்டி இருக்கவில்லை, நகுலேசன் ஒரு வெறுங்காணியில் இந்தத் தட்டால்தான் மண்ணைக் கிளறிக் கிளறி அள்ளினான். அதன்பிறகு அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் பெட்டியில் இடமில்லை என்றபோது உடுப்பையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு இதை வைத்தாள். பிள்ளையைக் காத்தது என்று அட்டையில் எழுதிவிட்டால், எழுத்தறிந்த மனுசர் வந்து வாசித்து வாசித்துப் போனால், ஒருநாள் அது உண்மையாகிவிடும் என்று நினைத்தாள். அதற்காகத்தான் கொண்டுவந்தாள். வேறெதற்கும் இல்லை. செய்னம்புவுக்கு வீடு போனது, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் எனக்கு இந்த ஒரு பெயர்தானே இருக்கிறது, இதையும் கேட்டால் எப்படி.

படியில் காலடி கேட்டது. மிர்யாம் அறை வாசலில் கயிற்றைக் கட்டி, கொஞ்ச நேரம் மூடியிருக்கும் என்ற பலகையைத் தொங்கவிட்டாள். பெட்டியைத் திறந்து, வெள்ளைக் கையுறையோடு தட்டை எடுத்து, மெத்தை விரித்த மேசையில் கவிழ்த்து வைத்தாள். அறை விளக்குகளை அணைத்தாள். தவமலர் சுவரோடு நின்றாள். அம்மா என்று சொல்லிவிடு. அம்மாவின் பெயர் சின்னத்தங்கம், அதைச் சொல்லிவிட்டுப் போ. மிர்யாம் சின்ன விளக்கை மேசை மட்டத்துக்குச் சரித்துப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினாள். அராவின இடம் முதலில் வெறும் கீறல்களாகத்தான் தெரிந்தது, ஒன்றின்மேல் ஒன்றாக ஆயிரம் கீறல். அம்மா வெறியோடுதான் அராவியிருக்கிறாள். ஒன்றும் இல்லை என்று தவமலருக்குத் தோன்றியது, அழுகை வரப்பார்த்தது. விளக்கு இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. கீறல்களுக்கு அடியிலிருந்து நிழல் எழும்பியது. ஒரு சுழி. ஒரு கொம்பு. செ. அதற்குப் பக்கத்தில் ய். நடுவில் ஒன்றும் இல்லை, கடைசியில் ம்பு முழுசாக நின்றது. தட்டில் பெயர் வெட்டின ஆள் அவ்வளவு ஆழமாகக் குத்தியிருக்கிறான், மேலே அராவினாலும் கீழே பித்தளை நசுங்கினபடியே இருந்திருக்கிறது. மிர்யாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தாள். முகம் முழுக்கச் சந்தோசம். எழுத்து இருக்கிறது என்றாள், எவ்வளவு வட்டமான எழுத்து என்றாள். பிறகு மெல்ல, கோயிலுக்குள் கதைப்பதுபோல, இது உங்கள் அம்மாவின் பெயரா என்று கேட்டாள்.

தலையாட்டினால் போதும். தலை ஆடவும் தொடங்கிவிட்டது, நாடி கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது, அது தவமலருக்கே தெரிந்தது. ஆனால் கண் எழுத்தை விட்டு வரவில்லை. வாசிக்கத் தெரிந்தவளின் கண் எழுத்தைக் கண்டால் வாசித்துவிடும், அதை யாராலும் நிறுத்த முடியாது, உள்ளே அந்தப் பெயர் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. இந்த அறையில் அதை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள், இந்த ஊரிலேயே அதை அமர்த்திப் பிடித்த ஒரே ஆள். இன்னொருமுறை பிடிக்கச் சொல்கிறார்கள். இந்தமுறை அரம்கூட வேண்டாம், சத்தமும் வராது.

“செய்னம்பு” என்றாள்.

மிர்யாம் அதைத் திருப்பிச் சொன்னாள், பிழையாகச் சொன்னாள். தவமலர் திருத்தினாள், இரண்டாம் முறையும் பிழைத்தது, திரும்பவும் திருத்தினாள். அம்மாவா என்று மிர்யாம் மறுபடி கேட்டாள்.

“இல்லை. நாங்கள் இருந்த வீட்டுக்காரி. அவர்களைத் துரத்திவிட்டு அந்த வீட்டை எங்களுக்குக் கொடுத்தார்கள். பெயரை அராவினது நாங்கள்.” டொச்சில் இவ்வளவும் நேராக வந்தது அவளுக்கே ஆச்சரியம். கடைக்குப் போனால் வெங்காயம் கேட்கவே தடுமாறுகிறவள்.

மிர்யாம் விளக்கை மேசையில் வைத்தாள். அவள் நல்ல பெண், ஆறுதல் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். நீங்களும் அகதியாகத்தான் போயிருக்கிறீர்கள், அப்போது சின்னப் பெண், என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது என்றாள். தவமலருக்குக் கோபம் தலைக்கேறியது. யாரிடமிருந்து யார் எதைத் தட்டிப் பறிக்கிறார்கள் என்று தெரியாத கோபம்.

“தெரியும்” என்றாள். “எல்லாருக்கும் தெரியும்.”

அதற்குப் பிறகு கதைக்க அதிகம் இருக்கவில்லை. அந்தச் சனம் இப்போது எங்கே இருக்கக்கூடும் என்று மிர்யாம் கேட்டாள், புத்தளம் என்று தவமலர் சொன்னாள், இங்கே மற்றவர்களுக்குத் தேடுவதுபோல இவர்களுக்கும் தேடவேண்டும் என்றும் சொன்னாள். தேடுவோம் என்றாள் மிர்யாம். தேடுகிறவரை தட்டைக் காட்சியில் வைக்க முடியாது, அது உங்களுக்கும் தெரியும்தானே என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். தெரியும் என்றாள் தவமலர். அட்டையை மிர்யாம் எடுக்கவில்லை, எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. தவமலரே கண்ணாடிக்குள் கையை விட்டு எடுத்தாள். அதில் எழுதியிருப்பதை வாசிக்காமல் சீருடைப் பைக்குள் வைத்தாள். தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மிர்யாம் படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. தவமலர் விளக்குகளைப் போட்டுக் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். மூடுவதற்கு இன்னும் நேரம் இருந்தது. கதிரையில் உட்கார்ந்தாள். வெறும் பெட்டிக்குள் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது, அதை அணைக்கிற ஆள் கீழ்மாடியில்தான். நெஞ்சு இலேசாகும் என்று யாராவது சொன்னால் பொய், கல்லை எடுத்த இடத்தில் இன்னொரு கல்லை வைத்தது மாதிரித்தான் இருந்தது. பாலம் திரும்பவும் வந்தது. மழைச் சத்தம் இல்லாமல் வந்தது, மேலே ஒன்றும் இல்லை, பிள்ளை நனைந்துகொண்டிருந்தது. நனைந்தபடி அழுதது, அந்த அழுகை இன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டது.

தொப்பி போட்ட கிழவர் ஒருவர் மெல்ல மெல்ல அறையைச் சுற்றிவந்தார். அடித்தோலைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், வெட்டுப்பட்டவளின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். நடுவிலுள்ள வெறும் பெட்டிக்கு வந்ததும் குனிந்து அட்டையைத் தேடினார், இல்லை. தவமலரின் பக்கம் திரும்பி, இங்கே என்ன இருந்தது என்று மரியாதையாகக் கேட்டார். பொருள் பரிசோதனைக்குப் போயிருக்கிறது என்று சொல்லவேண்டும், அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

“ஆரணி” என்றாள் தவமலர்.

அது ஏதோ ஒரு பாத்திரத்தின் பெயர் என்று அவர் நினைத்திருக்கவேண்டும். நன்றி சொல்லி, தலையை ஆட்டி, அடுத்த பெட்டிக்குப் போனார்.